அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: பாக் நீரிணைக் கரையின் மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, புதுச்சேரி தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தங்கச்சிமடத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இன்றும் அதே தெருவில் இருப்பவள் நான். என் தம்பி விசைப்படகில் கடற்கூலி. அவன் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, இல்லை. சொந்தமாக ஒரு முழம் வலைகூட அவனிடம் கிடையாது. திங்கள், புதன், சனி என்று படகு போகிற நாட்களில் போவான், கிடைக்கிற பங்கோடு திரும்புவான். சில ஆண்டுகளுக்கு முன் இலங்கையின் நெடுந்தீவுக்கு அருகே பிடிபட்டு, யாழ்ப்பாணத்தில் சிறையிருந்து வந்தான்.

அவன் உள்ளே இருந்த நாட்களில்தான் நாடாளுமன்றம் எனக்கு அறிமுகமானது. ஒரு மதியம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நம் கரையோர உறுப்பினர் ஒருவர், அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ஜிய நேரத்தில் எழுந்து மீனவர் கைது பற்றிப் பேசுகிறார். ஒன்றரை நிமிடம் இருக்கும். பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "நம்ம பிள்ளைகளைப் பத்தி டெல்லியில பேசிட்டாக" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னார். அன்று ராத்திரிதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் என்னிடம் கேட்டார்: "பேசுனதுக்கு மந்திரி என்ன சொன்னாரு?"

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். பூஜ்ஜிய நேரத்தில் எழுப்பும் விஷயத்துக்கு அமைச்சர் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "பதில் வரும்மா" என்றேன். இந்த மடலை எழுத வைத்தது அந்த நாள்தான்.

அதற்குப் பிறகு மக்களவையின் இணையதளத்தில் கேள்வி பதில்களைத் தேடி வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மீனவர் கைது பற்றிய கேள்விகள் கூட்டத்தொடர் தவறாமல் வருகின்றன. எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர் விடுவிக்கப்பட்டார்கள், அரசு என்ன நடவடிக்கை எடுத்தது என்று கேட்கப்படுகிறது. மீனவர்களின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு மிக உயர்ந்த முன்னுரிமை அளிக்கிறது, இலங்கை அரசிடம் உயர்மட்டத்தில் எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது, தூதரக அதிகாரிகள் சிறையில் போய்ப் பார்க்கிறார்கள், சட்ட உதவி தரப்படுகிறது என்று பதில் வருகிறது. அமைச்சர் மாறினாலும், கேட்ட உறுப்பினர் மாறினாலும், வாசகம் மாறுவதில்லை. அடுத்த கூட்டத்தொடரில் வேறொருவர் அதே கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்கிறார்.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. உங்களில் பெரும்பாலோர் பின்வரிசையில் இருப்பவர்கள். விவாதத்தில் பேசும் நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்துப் பங்கு பிரிக்கப்படுகிறது. கேள்வி நேரத்துக்கு நோட்டீஸ் கொடுத்தால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் நாளொன்றுக்கு 20தான், அவற்றிலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழிப் பதிலுக்கு வந்து சேர்பவை சில மட்டுமே. மக்களவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் போய்விடும். ஆனால் நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகள் நாளொன்றுக்கு 230 வரை எழுத்துப் பதில் பெறுகின்றன. அமளியிலும் அந்தப் பதில்கள் அவையில் வைக்கப்பட்டுவிடுகின்றன. வீடியோவில் வராத அந்த எழுத்துப் பதில்தான் எங்களைப் போன்றவர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குள் நுழையக்கூடிய காகிதம். தம்பியின் வழக்கு நடந்தபோது ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் என்னை வெளியே உட்கார வைத்தவர்கள், நான்காம் நாள் நாடாளுமன்றப் பதில் ஒன்றின் நகலை நீட்டியதும் உள்ளே கூப்பிட்டார்கள்.

உங்கள் தொகுதிகளின் சங்கதி மற்றத் தொகுதிகளைப் போன்றதில்லை. சாலையோ ரயில் நிறுத்தமோ என்றால் உள்நாட்டு விஷயம் என்று நின்றுவிடும். நம் கரையில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதே வெளியுறவுச் செய்தி. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும், மல்லிப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும், காரைக்காலிலும் பாம்பனிலும் இதுதான் நிலை. அதனால்தான் வெளியுறவை டெல்லிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நம் உறுப்பினர் விட்டுவிட முடியாது. ஒருமுறை அப்படி நம் கையை மீறிப் போனதன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1974 ஜூன் இறுதியில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண்சிங் அதை மக்களவையில் அறிக்கையாக வைத்தார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு வந்த அறிக்கை அது. அன்று ராமநாதபுரத்தின் உறுப்பினர் பி. கே. மூக்கையாத் தேவர். அந்தத் தீவு அவர் தொகுதியின் கரையோரத்தில் கிடந்தது. அவர் எழுந்து எதிர்த்தார். தி.மு.க. உறுப்பினர் இரா. செழியன் எதிர்த்தார். குரல்கள் பதிவாயின, ஒப்பந்தம் அப்படியே நின்றது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தில் இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்புபோலத் தீவுக்குப் போய்வரலாம் என்ற ஒரு வரி இருந்தது. 1976 மார்ச்சில், இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களின் மூலம், இலங்கைக் கடற்பரப்பில் நம் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவானது. அப்போது நெருக்கடிநிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் தாத்தாக்களின் கடலைப் பற்றிய அந்த முடிவின்போது எழுந்து நின்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

கச்சத்தீவைப் பற்றி மேடையில் பேசாத கட்சி கிடையாது. நான் இங்கே கேட்பது அதைவிடச் சின்ன, அதைவிட அவசரமான சிலவற்றை.

2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் உட்கார்ந்து பேசி, மீன்வளத்துக்கென்று ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். கடலடியை வழிக்கும் இழுவைமடி மீன்பிடிப்பைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது, பிடிபட்ட படகுகளைத் திருப்பி ஒப்படைப்பதற்கு வழிமுறை வகுப்பது ஆகியவை அதன் வேலையில் அடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூட வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். அந்தக் கணக்குப்படி 2024 முடிவதற்குள் முப்பது கூட்டங்களுக்கு மேல் நடந்திருக்க வேண்டும். ஆறாவது கூட்டம் 2024 அக்டோபர் 29 அன்று கொழும்பில் நடந்தது. ஐந்தாவது நடந்தது 2022 மார்ச்சில். நடுவில் இரண்டரை ஆண்டுகள் யாரும் கூடவில்லை. அந்த 2024-ல்தான் 500-க்கும் மேற்பட்ட நம் ஆட்கள் கைதானார்கள். அந்த ஜூன் மாதம் ஒரு படகைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை மாலுமி ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் முதல் தேதி ராமேசுவரத்து மீனவர் ஒருவர், கடற்படைப் படகு மோதி அவர் போன படகு மூழ்கியதில் இறந்தார். இரண்டு வீட்டிலும் இழவு விழுந்தது.

கூட்டுக்குழு அமைத்திருக்கிறோம் என்று பதிலில் வரும்போதெல்லாம் அடுத்த கேள்வியைக் கேளுங்கள். எத்தனை முறை கூடியது? ஏன் கூடவில்லை? கூடியபோது எடுத்த முடிவுகளில் எது நிறைவேறியது? அந்தக் குழுவில் மீனவர் பிரதிநிதி ஒருவருக்காவது இடம் உண்டா? பதில் மழுப்பலாக வந்தால், மக்களவை விதி 55-ன்கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். அதற்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். பரிசீலனையில் இருக்கிறது என்று அமைச்சர் அவையில் சொன்னாலே அது ஓர் உறுதிமொழி. 1953 முதல் அதற்கென்று ஒரு குழுவே இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. எங்களுக்குக் கொடுத்த உறுதிமொழிகளில் எத்தனை அந்தக் குழுவின் முன் தூங்குகின்றன என்று நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

இனி எழுதுவது எங்கள் தெருவிலேயே பலருக்குப் பிடிக்காது. எழுதாமல் விட்டால் இந்த மடல் பாதி உண்மையாகிவிடும்.

தம்பி விடுதலையாகி வந்த மூன்றாம் நாள், திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னான்: "அக்கா, அவுக வலையை அறுத்துட்டுத்தான் நாம வர்றோம். ராத்திரியில தெரியுறதில்ல. தெரிஞ்சாலும் மடியை நிப்பாட்ட முடியாது." இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டு போகும். இலங்கைக் கரையின் குருநகர், பாசையூர், பேசாலை மீனவர்கள் கடன் வாங்கி விரித்த வலை அதில் சிக்கினால், ஒரே ராத்திரியில் அந்த வீட்டின் முதல் போய்விடும். போர் நடந்த கால் நூற்றாண்டுக்கு மேல் அவர்களைக் கடலுக்கே சரியாக விடவில்லை. 2009-க்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் மீன்பாட்டை நாம் வழித்துக்கொண்டு வருகிறோம். அவர்கள் பேசுவதும் நம் மொழிதான். நம் கரையிலேயே நாட்டுப்படகுக்காரர்கள் இதே குறையைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இதில் கடற்கூலியின் குற்றம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். விசைப்படகுகளை மானியம் கொடுத்துப் பெருக்கியது அரசு. 1983-ன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்றது. ராமேசுவரத்துக்கு நேரே அந்த மூன்றைக் கழித்தால், இலங்கையோடான கடல் எல்லைக்கோடு வருவதற்கு முன் நமக்கு மிஞ்சுவது ஒரு துண்டுக் கடல். இத்தனை படகுகளுக்கும் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்து அந்தத் துண்டுக்குள் அனுப்பிவிட்டு, தாண்டாதே என்றால் எப்படி?

எதிர்க்கரையில் ஓர் உறுப்பினர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். யாழ்ப்பாண மாவட்டத்து உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன், இழுவைமடியைத் தடை செய்ய 2015-ல் இலங்கை நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அவர் அமைச்சர் கிடையாது; அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. அது இரண்டு ஆண்டுகள் இழுத்து, 2017 ஜூலையில் மீன்வளச் சட்டத்துக்குத் திருத்தமாக நிறைவேறியது. அந்தச் சட்டமும், அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திய திருத்தமும் எங்கள் வீடுகளைத்தான் அடித்தன. அதில் எனக்கு வலி இருக்கிறது. ஆனாலும் தன் கரை மக்களின் குறையை ஓர் உறுப்பினர் சட்டமாக்கிக் காட்டினார் என்பதை நான் மதிக்கிறேன். அதே அளவு பிடிவாதம் எங்களுக்காக டெல்லியில் ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தனிநபர் மசோதா இங்கே எங்கே நிறைவேறப் போகிறது என்பீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 14 மட்டுமே சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல் என்று நானும் படித்தேன். ஆனால் 2015 ஏப்ரலில் திருநர் உரிமைகளுக்காகத் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. பிறகு அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2019-ல் வந்த அந்தச் சட்டத்தின் மேல் திருநர் சமூகத்துக்கு நியாயமான மனக்குறைகள் உண்டு. ஆனால் அந்தப் பேச்சை அரசு தவிர்க்க முடியாமல் போனதற்கு ஒரு தனிநபர் மசோதா காரணமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவையில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பார்கள். இருக்கட்டும். வெளிநாட்டில் சிறைப்படும் மீனவர் குடும்பத்துக்கு உதவித்தொகை, படகு போனவருக்கு இழப்பீடு, கடற்கூலிக்கு மாற்றுத்தொழில் ஆகியவற்றை மத்திய அரசின் சட்டக் கடமையாக்கும் ஒரு மசோதாவை உங்களில் ஒருவராவது எழுதுங்கள்.

ஆழ்கடல் திட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 2017 ஜூலையில் ராமேசுவரத்துக்கு வந்து பிரதமர் தொடங்கி வைத்த திட்டம் அது. பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டில் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவதாகச் சொன்னார்கள். படகு ஒன்றுக்கு 80 லட்சம். அதில் மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8. அந்த 2,000 என்ற இலக்கின் அருகில்கூட நாம் போகவில்லை. கரையில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். ஒரே நாளில் போய்த் திரும்பும் மீன்பிடிக்குப் பழகியவர்கள் நாங்கள். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்க வேண்டும், தூண்டிலும் செவுள்வலையும் வேறு வித்தை. 8 லட்சம் ரொக்கம் புரட்டினாலும் வங்கி 16 லட்சத்துக்கு ஈடு கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது சம்மாட்டிக்கான திட்டம். படகில் போகும் கடற்கூலிக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பிடிபட்டால் சிறைக்குப் போவதோ பெரும்பாலும் அந்தக் கூலிதான்.

எத்தனை படகு முடிந்தது, எத்தனை விண்ணப்பம் வங்கியில் நிற்கிறது என்று மீன்வள அமைச்சகத்திடம் கேளுங்கள். கைது பற்றி மட்டும் வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். நம் பிரச்சினை ஒரே அமைச்சகத்தின் கோப்பில் இல்லை. கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தில், படகு மாற்றும் திட்டம் மீன்வளத்தில், கைது வெளியுறவில், கடன் நிதி அமைச்சகத்தில் கிடக்கிறது. ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விகளுக்கு நோட்டீஸ் தரலாம். ஐந்து பேரும் பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கொரு அமைச்சகத்தைப் பிடித்தால், ஒரே வாரத்தில் எங்கள் பிரச்சினையின் முழுப் படமும் எழுத்தில் வந்துவிடும். கட்சி வேறுபாடு உங்களுக்குள் இருக்கலாம். இலங்கையின் மயிலிட்டியிலும் காரைநகரிலும் கட்டிக்கிடக்கும் படகுகளில் எல்லாக் கட்சிக்காரர் படகும் உண்டு.

அந்தப் படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆள் விடுதலையானால் செய்தி முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். படகு வருவதில்லை. 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டியில் கிடந்த 105 படகுகளை இலங்கை ஏலத்துக்கு விட்டது. கடலோரத்தில் படகு ஓராண்டு சும்மா கிடந்தால் பலகை பிளந்து, என்ஜின் துருப்பிடித்துவிடும். ஏலத்துக்கு வரும்போது அது விறகு விலைக்குத்தான் போகும். அதை நம்பிக் கந்துவட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் இங்கே ஏறிக்கொண்டே இருக்கும். விதி 377-ன்கீழ் ஒரு பிரச்சினையை எழுப்ப 250 சொற்கள் தருகிறார்கள் அல்லவா? ஒருமுறையேனும் அந்த 250 சொற்களில் ஒரே ஒரு படகின் கதையைச் சொல்லுங்கள். எந்தத் தேதி பிடிபட்டது, எந்தத் துறைமுகத்தில் கட்டப்பட்டது, வழக்கு எத்தனை வாய்தா போனது, இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். தமிழிலேயே பேசுங்கள், அவையில் மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கும் புரியும்.

எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ஐஎன்டி, டிஎன் 10, எம்எம் என்று தொடங்கும் படகு எண்கள், பிடிபட்ட நாள், உடன் போனவர்கள், வழக்கு நடக்கும் நீதிமன்றம், திரும்பிவந்த நாள், படகு என்ன ஆனது, வீட்டில் எவ்வளவு கடன் என்று கட்டம் போட்டு எழுதுகிறோம். பல கட்டங்கள் காலியாக இருக்கின்றன. யாரிடம் கேட்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அமைச்சகத்திடம் அந்தத் தகவல் இருக்கும், இல்லையென்றால் இல்லை என்றாவது அவர்கள் எழுத்தில் சொல்லட்டும்.

அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வி நோட்டீஸை 15 நாள் முன்னதாகத் தர வேண்டும் என்று விதி. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்துக்கு வாருங்கள். மேடை, மைக் எதுவும் வேண்டாம். அந்தோணியார் கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு, திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். வர முடியாதென்றால் உங்கள் உதவியாளர் ஒருவரை அனுப்புங்கள். நோட்டின் நகலை ஐந்து பேருக்கும் ஐந்தாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி